ரேன் வலி

மூலக்குளத்தில் காலை ஏழேகால் மணிக்கு ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர் கிளம்பினால், ஊரில் யாருக்கோ இடுப்புப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டிப் போகிறவள் தாமரைச்செல்வி. காலடியில் ஒரு பை இருக்கும். அதற்குள் இரண்டு துண்டு, வயிற்றுக்கு அடியில் வைக்க ஒரு தட்டைத் தலையணை, ஒரு பாட்டில் எண்ணெய், ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு. ஆளுக்கு ஓர் அட்டை. யாருக்கு எங்கே வலி, எப்போதிருந்து வலி, முன்னால் என்ன வியாதி, என்ன ஆபரேஷன், எல்லாம் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் அதில் இருக்கும். அந்த அட்டைகளை அவள் தன் கைகளை நம்புகிற அளவுக்கு நம்பினாள்.

வயது நாற்பத்தெட்டு. நாலரை வருஷம் பிசியோதெரபி படித்தவள். அதற்கு மேல், மருந்தில்லாமல் மிஷின் இல்லாமல் கையாலேயே முதுகெலும்பை இளக்குகிற முறையைத் தனியாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஊருக்கு அதெல்லாம் யார் சொல்வது? 'சுளுக்கு எடுக்கிற செல்வி' என்பார்கள். இன்னும் தாராளமானவர்கள் 'மசாஜ் பண்ற அம்மா' என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் அவள், சுளுக்கென்றால் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் யாரையாவது கூப்பிட்டு உதைக்கச் சொல்லுங்கள், நான் எதற்கு என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டு அவர்கள் முதுகையும் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

கை நல்ல கை. அதை யாரும் குறை சொன்னதில்லை. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளையும் தொட்டு, அங்கிருந்து நடுவுக்கு வந்து, முதுகெலும்பின் கணுக்களைக் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டு போவாள். அஞ்சு, நாலு, மூணு. எந்தக் கணு அசையாமல் முறைத்துக்கொண்டு நிற்கிறதோ, அதன்மேல் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் அமுக்கி அமுக்கி விடுவாள். பத்து நிமிஷத்தில் சதை இளகும். படுத்திருக்கிறவர் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

அவளுடைய அப்பா அருள்முருகன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பஞ்சு மூட்டை தூக்கித் தூக்கி நாற்பது வயதிலேயே இடுப்பு போய்விட்டது. காலையில் பாயைவிட்டு எழுந்திரிக்க அவர் படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் செல்வி. டாக்டருக்குப் படிக்க மார்க் போதாமல் பிசியோவுக்குப் போனபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை. படிக்கிற காலத்தில் கற்றதையெல்லாம் அப்பாவின் முதுகில்தான் செய்து பார்த்தாள். ஆலையும் மூடியது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

புதுச்சேரியில் இந்த வேலைக்கு உடம்பைப் பற்றித் தெரிந்தால் மட்டும் பற்றாது. கொஞ்சம் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தாக்கள், அவர்களுடைய மதாம்கள் எல்லோரும் பேசுவது தமிழ்தான். ஆனால் வலி என்று வந்தால் மட்டும் வாயில் பிரெஞ்சு வந்துவிடும். செல்வி தொழில் தொடங்கிய புதிதில் பொலின் என்றொரு அம்மாள், எனக்கு ரேன் வலிக்கிறது என்றார். செல்வி அதை இங்கிலீஷ் மழை என்று எடுத்துக்கொண்டு, வெகு பொறுப்பாக, மழைக்காலத்தில் மட்டும்தான் வலிக்குமா, வெயில் காலத்திலும் உண்டா என்று கேட்டாள். பொலின் அம்மாள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பிறகு தன் இடுப்பில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டி, இதுதான் ரேன் என்று காட்டினார்.

அன்றிலிருந்து செல்விக்கு ரேன் என்றால் இடுப்பு. இருபது வருஷத்தில் எத்தனையோ சொல்தா வீடுகளில் எத்தனையோ பேர் ரேன் வலி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அது வேறு எதுவாகவும் இருந்ததில்லை. புது ஆள் ரேன் என்று வாயெடுத்ததுமே, குனிந்தால் பிடிக்கிறதா, உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கிறதா என்று இவள் முந்திக்கொள்வாள். பரவாயில்லையே, உனக்கு பிரெஞ்சு தெரிகிறதே என்பார்கள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

2023ஆம் வருஷம் ஜூன் மாதம் குருசுக்குப்பத்திலிருந்து கூப்பிட்டார்கள். சில்வேன் என்று பெயர். எழுபத்திரண்டு வயது சொல்தா. முப்பது வருஷம் பிரான்சில் இருந்தவர். தினமும் விடிகாலையில் கடற்கரைச் சாலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அணிவகுப்பில் போகிறவர் மாதிரி கையை வீசி நடப்பவர். அவருடைய மனைவி ஜிஸ்லேன் வீட்டில் இருந்தபடியே அவரை விரட்டிக்கொண்டிருப்பவர். ஒரு மகள், க்ளெமான்ஸ், பிரான்சிலேயே தங்கிவிட்டாள். சில்வேனுக்கு ஒரு மாதமாக இடுப்பு வலி. ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் மெடல் குத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுவரைக்கும் இந்த முதுகு தாங்குமா என்பதுதான் அவருடைய கவலை.

முதல் நாள் செல்வி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தாள். ஜிஸ்லேன் மதாம் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று செல்வி கேட்டாள்.

"ரேன்ல ஒண்ணு பண்ணிருக்காங்க. மர்சேயில. பன்னெண்டு வருஷமாச்சு" என்றார் சில்வேன்.

"என்னா பண்ணாங்க, மிசே?"

"கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டாங்க. அதோட சரி. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல."

முதுகில் தழும்பு ஒன்றும் காணோமே என்று செல்வி தேடினாள். அவர் பனியனைத் தூக்கி, வயிற்றின் பக்கவாட்டில் இருந்த மூன்று சின்னத் தழும்புகளைக் காட்டினார். கேமரா விட்டுச் செய்தது என்றார். வேறு யாராவதாக இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள். செல்வி நிற்கவில்லை. வயிற்றின் வழியாகப் போய் முதுகெலும்பின் ஜவ்வை எடுக்கிற ஆபரேஷன் உண்டென்று அவள் படித்திருந்தாள். பிரான்சில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறார்கள் பாரேன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். படித்தவளுக்குப் படிப்பே குழி பறித்தது. 'இடுப்பு ஜவ்வு ஆபரேஷன், மர்சேய், 2011' என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டாள்.

கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. முதுகு வலிக்காரர் யாராக இருந்தாலும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. எப்போதாவது கேன்சர் வந்திருக்கிறதா? அந்தச் சொல்லை ஒரு வீட்டுக்குள் போய் முதல் நாளே சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்பதால் அவள் கொஞ்சம் சுற்றித்தான் கேட்பாள். வேறே பெரிய வியாதி எதுவும் வந்ததுண்டா என்று கேட்டாள்.

"அதான் சொன்னேனேம்மா" என்றார் சில்வேன்.

அவர் சொன்னது உண்மை. ரேன் என்றால் பிரெஞ்சில் சிறுநீரகம். இடுப்பு வலிக்கிறவர்கள் பேச்சுவாக்கில் அதையே இடுப்புக்கும் சொல்வார்கள். ஒன்றே சொல், இரண்டு இடம். பொலின் அம்மாள் தட்டிக் காட்டியது இரண்டாவது இடத்தை. சில்வேனுக்கு மர்சேயில் எடுத்தது கேன்சர் வந்த ஒரு சிறுநீரகத்தை. அவர்கள் வீட்டிலும் அந்த வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கெட்டது என்றுதான் சொல்வார்கள். அவரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார், இவளும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள். அன்று செல்வி கிளம்பிப் போன பிறகு ஜிஸ்லேன், பழைய விஷயத்தைச் சொன்னீர்களா என்று கணவரைக் கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டேன் என்றிருக்கிறார் அவர்.

வாரத்துக்கு மூன்று நாள் செல்வி போனாள். கைக்கு முதுகு இணங்கியது. ஜூலை பதினாலாம் தேதி சில்வேன் மெடல்களோடு ஒரு மணி நேரம் நின்றார். மறுநாள் செல்வி போனபோது வாசலிலேயே விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். ஜிஸ்லேன், பிரான்சின் ஜனாதிபதியே வந்தால்கூட இவர் இப்படி நிற்க மாட்டார் என்று கேலி செய்தார். செல்விக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்பாவை ஒருநாளும் இப்படி நிமிர்த்தி நிறுத்த முடியவில்லையே என்று ஸ்கூட்டரில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் வலி திரும்பியது. இந்தத் தடவை படுத்தாலும் விடவில்லை. மூன்றாவது கணுவின்மேல் விரல் பட்டாலே சில்வேன் பல்லைக் கடித்தார். செல்விக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தியபோதெல்லாம் அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஜவ்வு எடுத்த இடம், உள்ளே தழும்பு இறுகியிருக்கும் என்று அட்டை அவளுக்குச் சமாதானம் சொன்னது. செப்டம்பரில் அவர் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. வலியில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார் ஜிஸ்லேன். அதையும் அவள் ஒத்துக்கொண்டாள். கட்டைவிரலை அதே கணுவின்மேல் வைத்து, இன்னும் மெதுவாக, இன்னும் அக்கறையாக அமுக்கினாள்.

அக்டோபரில் ஒரு காலை, கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தவருக்கு இரண்டு காலும் துவண்டுவிட்டன. உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சாயங்காலம் செல்வி போனபோது ஸ்கேன் முடிந்திருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் ஜிஸ்லேன் உட்கார்ந்திருந்தார், மறுபக்கம் டாக்டர் நின்றிருந்தார். செல்வி கால்மாட்டில் போய் நின்றாள். டாக்டர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த கிட்னியில் இருந்த கேன்சர் இப்போது முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால் முதல் நாளே ஸ்கேன் எடுத்திருக்கலாம். உயிரைப் பற்றி உறுதி சொல்ல முடியாது, ஆனால் காலாவது தப்பியிருக்கும். பழைய ஆபரேஷனைப் பற்றி பிசியோவிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொன்னார், நான் அன்றைக்கே கேட்டேனே என்றார் ஜிஸ்லேன்.

கிட்னி என்ற சொல் செல்வியின் காதில் விழுந்து, ஒரு நிமிஷம் எங்கும் போகாமல் அப்படியே நின்றது. பிறகு அவள் உதடு தானாக அசைந்தது. ரேன் என்று அசைந்தது. தலையணையிலிருந்து சில்வேன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உதட்டையும் பார்த்தார், அதற்குப் பிறகு அவள் முகம் போன போக்கையும் பார்த்தார். பட்டாளத்துக்காரருக்கு எதையும் இரண்டு தடவை விளக்க வேண்டியதில்லை.

"இல்ல டாக்டர்" என்றார். "நான் சொல்லல. பழைய கதை எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஜிஸ்லேன் திரும்பிக் கணவரைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்த மனுஷனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

செல்வி வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. வரவில்லை என்பதா, வரவிடவில்லை என்பதா? வெளியே வந்து, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நின்று, இரண்டு கட்டைவிரலையும் பார்த்து அழுதாள். எந்த எலும்பைக் கேன்சர் அரித்துக்கொண்டிருந்ததோ அந்த எலும்பின்மேல் நாலு மாதம் வைத்து அமுக்கிய விரல்கள் அவை.

மறுநாள் காலை ஜிஸ்லேன் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனாள்.

"நீங்க சொன்னீங்க, மிசே. நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படி சொன்னீங்க?"

"நேத்து நீ சொல்லியிருந்தா, நாளைக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் உன்கிட்ட முதுகு குடுக்க மாட்டாங்க. எனக்கு ஆவறது ஒண்ணும் இல்ல. உன் கையாலதான் நான் பதினாலு ஜூலை நின்னேன். போ, போய் வேலையப் பாரு." கொஞ்சம் பொறுத்து, "ஜிஸ்லேன்கிட்ட மட்டும் சொல்லிடாத. ஒத்த வார்த்தையால போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. எம்மேல கோவப்பட்டா பரவால்ல, அது அவளுக்குப் பழக்கம்தான்" என்றார்.

செல்வி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் நிம்மதி கலந்திருந்ததை அவள் பிற்பாடு ஒருநாளும் தனக்கு மன்னித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மூன்று மாதம் இருந்தார். கால் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. செல்வி விடாமல் போய்க் காலை நீட்டி மடக்கிவிட்டு வந்தாள். ஜிஸ்லேன் அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், புண் வராமல் புரட்டிப் போட்டார். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் பேசவில்லை. சாப்பிடுங்கள், திரும்புங்கள், மாத்திரை என்பதற்கு மேல் அந்த மூன்று மாதமும் ஒரு வார்த்தை இல்லை. ஓயாமல் அவரை ஏசிக்கொண்டே இருந்த வாய் அது. அது மூடிக்கொண்ட பிறகு வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் கேட்டது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் செல்வி, நான் மதாமிடம் சொல்லிவிடட்டுமா என்று அவர் காதோடு கேட்டாள். அவர் கண்ணை மூடித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஜனவரி கடைசியில் சம்பா கோவில் என்கிற மாதா கோவிலில் பூசை வைத்து, உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். க்ளெமான்ஸ் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் ஜிஸ்லேன் செல்வியை விடவில்லை. வேறு யாரிடம் பேசுவார்? வாரத்துக்கு ஒரு தரமாவது போனில் கூப்பிடுவார். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து முடிப்பார். நான் கேட்டேன், சொல்லிவிட்டேன் என்றார், பொய் சொல்லியிருக்கிறார். மற்றவர்களிடம் ஆயிரம் பொய் சொல்லட்டும், என்னிடம் எப்படிச் சொல்லலாம்? ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பாயா, செல்வி? இந்தக் கேள்விக்குப் போனின் இந்த முனையில் செல்வி என்னவென்று பதில் சொல்வாள்? ம்ம் என்பாள். அவருடைய படத்தை ஜிஸ்லேன் கூடத்தில் மாட்டவே இல்லை. அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு கல்லறைப் பக்கம் கால் வைக்கவும் இல்லை.

செல்வியின் கணவன் செம்மல் மின்துறையில் லைன்மேன். நல்ல மனிதன், பயந்த மனிதன். எல்லாவற்றையும் அவனிடம்தான் சொல்லியிருந்தாள். செத்தவரே மூடி வைத்ததை நீ எதற்குத் திறக்கிறாய், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றான். ஓணான் வேலியில் இல்லை, போன அக்டோபரிலிருந்து மடியில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். புதிதாக வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று விதமாகக் கேட்கிறாள். எங்கே என்று கையை வைத்துக் காட்டச் சொல்கிறாள். கேன்சர் என்ற சொல்லையும் கூசாமல் கேட்கிறாள். இந்தம்மா ரொம்பக் கேள்வி கேட்கிறாள் என்று இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

போன நவம்பர் இரண்டாம் தேதி. கல்லறைத் திருநாள். காலை எட்டு மணிக்கு ஜிஸ்லேன் கூப்பிட்டார். அலமாரி அடித்தட்டில் எதையோ எடுக்கக் குனிந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. செல்வி குருசுக்குப்பத்துக்குள் நுழையும்போது தெரு முழுக்கச் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாகச் சனங்கள் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மதாமைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணையைச் செருகினாள். சில்வேன் படுத்திருந்த அதே கட்டில். கைகளைத் துடைத்துக்கொண்டு கணுக்களை எண்ண ஆரம்பித்தாள்.

"எனக்கும் ரேன் வலி வந்துடுச்சு பாரு" என்றார் ஜிஸ்லேன், தலையணையில் முகத்தை வைத்தபடி. "க்ளெமான்ஸ் போன் பண்ணா. அப்பாவுக்கு வத்தி ஏத்துனியான்னு கேக்கறா. நான் போவல. எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போன மனுஷனுக்கு வத்தி ஒரு கேடா."

செல்வியின் விரல் மூன்றாவது கணுவில் நின்றுவிட்டது. அமுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"எந்த ரேன், மதாம்?" என்றாள்.

"என்னா எந்த ரேன்?"

"இடுப்பா, கிட்னியா?"

இடுப்புதான், இது என்ன கேள்வி என்றார் ஜிஸ்லேன். பிறகு அந்தக் கேள்வியிலேயே ஏதோ தட்டியிருக்க வேண்டும். ஒருக்களித்து, கட்டில் விளிம்பைப் பிடித்து, வலியோடு எழுந்து உட்கார்ந்தார். செல்வி பையைத் திறந்து, அட்டைக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவினாள். இறந்தவர்களின் அட்டைகளை அவள் பையில் வைத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் எடுக்கவில்லை. மதாமின் கையில் கொடுத்தாள். கோடு போட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, அன்று சில்வேன் சொன்ன வார்த்தைகளைச் சொன்னபடியே சொன்னாள். ரேன்ல ஒண்ணு பண்ணிருக்காங்க. கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டாங்க. அதான் சொன்னேனேம்மா. தனக்கு அது எப்படிக் கேட்டது என்பதையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவர் தன்னைப் பார்த்ததையும், மறுநாள் பேசியதையும், தான் தலையாட்டியதையும் சொன்னாள்.

"உங்ககிட்ட அவர் பொய் சொல்லல, மதாம். டாக்டர்கிட்டதான் பொய் சொன்னாரு. எனக்காக."

ஜிஸ்லேன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சொல்லிட்டாரு" என்றார்.

"சொல்லிட்டாரு."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கே தெரியும்."

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று செல்வி காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"மூணு மாசம் அந்த மனுஷன் முகத்தப் பாத்து நான் பேசல, செல்வி" என்றார் ஜிஸ்லேன். குரல் ஏறவே இல்லை. "நீ வந்து வந்து பாத்துக்கினுதானே இருந்த."

செல்வி தரையில் உட்கார்ந்து அவருடைய கால் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். ஜிஸ்லேன் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவளை எழுப்பவும் இல்லை. பிறகு அலமாரியின் அடித்தட்டைத் திறக்கச் சொன்னார். காலையில் குனிந்து எதை எடுக்கப் போய் இடுப்புப் பிடித்ததோ அது அங்கே இருந்தது. ஒரு கட்டு மெழுகுவர்த்தி. பிரிக்காத கட்டு. போகமாட்டேன் என்று இத்தனை மாதமாகச் சொன்னவர் எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார்.

"வண்டிய எடு" என்றார்.

பள்ளம் மேடு பார்த்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் காலை ஊன்றி நின்று நின்று செல்வி ஓட்டினாள். பின்னால் ஒரு முனகல்கூட வரவில்லை. உப்பளம் கல்லறை வாசலில் ஒரே கூட்டம். பூக்காரிகளைத் தாண்டி வண்டியை நிறுத்தி, மதாமைக் கைத்தாங்கலாக இறக்கினாள். உள்ளே கூட்டிப்போகக் கையை நீட்டினாள். ஜிஸ்லேன் அந்தக் கையைப் பார்த்தார்.

"நீ உள்ள வராத" என்றார்.

ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் மெழுகுவர்த்திக் கட்டோடு, கல்லறைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து நடந்து போனார். சில்வேனின் கல்லறை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். ஒன்பது மாதமாக யாரும் வராமல் புல் மண்டியிருந்தது. மெழுகுவர்த்தி வைக்கக் குனிந்தவருக்குப் பாதியிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. கீழேயும் போக முடியாமல் மேலேயும் வர முடியாமல் அப்படியே நின்றார். செல்வியின் கால் கேட்டைத் தாண்டி ஓர் எட்டு வைத்துவிட்டது. பிறகு அந்த எட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த யாரோ ஒரு பெண் ஓடிவந்து மதாமைத் தாங்கி, மெல்லத் தரையில் உட்காரவைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் போனதும் ஜிஸ்லேன் கல்லறைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். சிலுவையின் அடியில் கையை வைத்தார். என்ன சொன்னார் என்று வாசல்வரைக்கும் கேட்கவில்லை. ஆனால் வாய் அசைவது தெரிந்தது. நடுவில் கோபமாகத் தலையை ஆட்டினார், கண்ணைத் துடைத்தார், விரலை நீட்டி எதையோ அதட்டிச் சொன்னார், மறுபடியும் பேசினார்.

செல்வி கேட்டுக்கு வெளியேயே நின்றாள். மணி பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. வந்தவர்கள் எல்லாம் வத்தி ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மதாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.